இரண்டு பெரிய நாய்களுடன் மோட்டார் ஹோமில் பயணம் செய்து, இரவில் அதிலேயே தூங்குவது ஒத்து வருமா?

பிரிட்டனில் மோட்டார் ஹோம் (கட்டில், சமையலறை, கழிவறை உள்ள வண்டி) வாங்கி இரண்டு பெரிய நாய்களுடன் ஊர் சுற்ற விரும்புவதாகவும், இரவில் எல்லோரும் அதற்குள்ளேயே தூங்க முடியுமா, நாய்களை எங்கே படுக்க வைப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள். நானும் என் மனைவியும் யார்க்‌ஷயரில் வசிக்கிறோம். கருப்பி என்னும் லேப்ரடாரையும், மணி என்னும் லர்ச்சரையும் (கிரேஹவுண்ட் கலப்பு) அழைத்துக்கொண்டு, ஃபியட் டுக்காட்டோ என்னும் வேனின் மேல் கட்டிய ஆறு மீட்டர் வண்டியில் ஏழு ஆண்டுகளாகப் பயணம் செய்து வருகிறோம். தாராளமாக ஒத்து வரும். ஆனால் நாய் எங்கே படுக்கும் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கேற்ற வண்டியைத் தேட வேண்டும். நாங்கள் முதலில் வாங்கிய வண்டியில் இதைத் தலைகீழாகச் செய்தோம். சமையலறையையும் குளியலறையையும் பார்த்து மகிழ்ந்து வாங்கிய அந்த வண்டியில், இரவில் கட்டிலை விரித்ததும் தரையே இல்லாமல் போனது. பகலில் நாய்கள் படுத்த இடத்தின் மேலேயே எங்கள் படுக்கை வந்து அமர்ந்தது. நாய்கள் ஒவ்வோர் இரவும் புது இடம் தேடி அலைந்தன. நாங்களும் தூங்கவில்லை. ஓராண்டில் அதை விற்றுவிட்டோம்.

நாய்க்கு வண்டிக்குள் மாறாத ஓர் இடம் இருக்க வேண்டும் என்பதே அதில் நாங்கள் கற்றுக்கொண்டது. வண்டி ஓடும்போதும், நிற்கும்போதும், இரவிலும், மழைநாளிலும் அதே இடம், அதே மெத்தை. ஆகவே மடக்கி விரிக்கும் கட்டிலைவிடப் பின்புறத்தில் நிலையான கட்டில் உள்ள அமைப்பே நாய் வளர்ப்போருக்கு நல்லது என்பது என் கருத்து. முன்பக்க மேசைக்குக் கீழேயும் சமையலறையை ஒட்டிய நடைவழியிலும் தரை இரவு பகலாகக் காலியாகக் கிடக்கும். கருப்பி மேசைக்கு அடியிலும், கால்கள் நீண்ட மணி நடைவழியிலும் படுப்பது வழக்கம். நள்ளிரவில் கழிவறைக்குப் போகிறவர் மணியைத் தாண்டித்தான் போக வேண்டும் என்பதால், தரையோரமாக மங்கலான சிறிய விளக்கு ஒன்றை ஒட்டி வைத்திருக்கிறோம்.

வண்டி ஓடும்போது நாயைக் கட்டாமல் விடக் கூடாது. பிரிட்டனின் நெடுஞ்சாலை விதிநூலின் 57ஆம் விதி, திடீரென்று பிரேக் போட்டால் நாய் உங்களையோ தன்னையோ காயப்படுத்தாதபடியும், ஓட்டுநரின் கவனத்தைச் சிதறடிக்காதபடியும் அதைக் கட்டுப்படுத்தி வைக்கச் சொல்கிறது. முன்னோக்கிய இருக்கையின் சீட் பெல்ட்டில் மாட்டும் மார்புவார், அல்லது தரையோடு பிணைத்த கூண்டு, இரண்டில் ஒன்று வேண்டும். கழுத்துப் பட்டையில் மட்டும் கட்டினால் பிரேக் போடும்போது முழு விசையும் கழுத்தில் இறங்கும். வண்டி வாங்கும்போது எடைக் கணக்கையும் பாருங்கள். சாதாரண கார் உரிமம் உள்ள பலர் ஓட்டக்கூடிய மொத்த எடை 3,500 கிலோ. முப்பது கிலோ லேப்ரடார் இரண்டு, 100 லிட்டர் தண்ணீர், நீங்கள் இருவர், சாமான்கள் என்று கூட்டினால் அந்த வரம்பு விரைவில் வந்துவிடும்.

இரவுக் குளிரைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாய் வைத்திருப்பவர்களும் இதைக் கவனிப்பதில்லை. சூடான காற்று மேலே ஏறும். தரையிலிருந்து முக்கால் மீட்டர் உயரத்தில் படுத்திருக்கும் உங்களுக்கு இதமாக இருக்கும் அதே நேரத்தில், கதவுப் படியின் பள்ளத்துக்கு அருகே படுத்திருக்கும் நாய் நடுங்கிக்கொண்டிருக்கலாம். லேப்ரடாருக்கு அடர்ந்த இரட்டை மயிர், சமாளித்துக்கொள்ளும். லர்ச்சருக்குத் தோலுக்கடியில் கொழுப்பும் குறைவு, மயிரும் மெல்லியது. ஓர் அக்டோபர் இரவு மூன்று மணிக்கு மணி என் கையில் மூக்கை வைத்து அழுத்தி எழுப்பியது. தொட்டுப் பார்த்தபோது அதன் காது நுனிகள் சில்லென்று இருந்தன. தரையில் கை வைத்துப் பார்த்த பிறகுதான் எனக்குக் காரணம் புரிந்தது. அன்றிலிருந்து தரையைத் தொடாதபடி மரச்சட்டத்தின் மேல் கனமான ஃபோம் மெத்தையைப் போட்டு, மணிக்கு இரவில் கம்பளிச் சட்டையும் மாட்டிவிடுகிறோம். அதன் பிறகு அது இரவில் எங்களை எழுப்பியதில்லை.

இதனோடு சேர்ந்த ஓர் எச்சரிக்கை. சமையலுக்கும் ஹீட்டருக்கும் பயன்படும் எரிவாயு காற்றைவிடக் கனமானது; கசிந்தால் தரையில்தான் தேங்கும். அது வெளியேறுவதற்காகத் தரையில் துளைகள் வைத்திருப்பார்கள். அவற்றின் வழியே குளிர் வருகிறதே என்று நாயின் மெத்தையை அவற்றின் மேல் போட்டு மூடிவிடாதீர்கள். கசிந்த வாயுவை முதலில் சுவாசிப்பது தரையில் படுத்திருக்கும் நாயாகத்தான் இருக்கும். துளைகளும், ஹீட்டரின் சூடான காற்று வரும் வாய்களும் எங்கே உள்ளன என்று முதல் நாளே முழங்காலிட்டுப் பார்த்துக் குறித்துக்கொண்டு, அவற்றை விட்டு மெத்தையைப் போடுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரமும் கட்டாயம் வேண்டும்.

வெப்பம் இதைவிடப் பெரிய ஆபத்து. நாய்க்கு நம்மைப் போல உடல் முழுவதும் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைப்பதே அதற்குக் குளிர்விக்கும் வழி. வெளியே 22 டிகிரி செல்சியஸ் இருக்கும்போதே காருக்குள் ஒரு மணி நேரத்துக்குள் 47 டிகிரி வரை ஏறக்கூடும் என்று விலங்கு நல அமைப்பான ஆர்.எஸ்.பி.சி.ஏ. எச்சரிக்கிறது. மோட்டார் ஹோமின் சுவர்கள் வெப்பத்தைத் தடுக்கும் வகையில் கட்டப்பட்டவை என்றாலும், முன்பக்கக் கண்ணாடி மிகப் பெரியது. ஒரு ஜூலை மாதம் கேம்ப்சைட் ஒன்றில் மின் இணைப்பு கொடுத்து, கூரை விசிறியையும் ஏசியையும் ஓட விட்டு, நாய்களை உள்ளே வைத்துவிட்டு இருவரும் குளிக்கப் போனோம். அரை மணி நேரம்கூட இராது. திரும்பி வந்தபோது தளத்தின் மின்சாரம் டிரிப் ஆகி ஏசி நின்று போயிருந்தது. கருப்பி வாசற்படியருகே தரையோடு தரையாக ஒட்டிக் கிடந்து, வாயோரத்தில் நுரையுடன் வேகமாக மூச்சிரைத்துக்கொண்டிருந்தாள். நிழலுக்குத் தூக்கி வந்து, குளிர்ந்த நீரை உடல் முழுவதும் ஊற்றி, காற்றுப் படும்படி வைத்து, அங்கிருந்தே கால்நடை மருத்துவரை அழைத்தோம். பிழைத்துவிட்டாள். அதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு பதறுகிறது. அதன் பிறகு வெயில் நாட்களில் ஒருவர் மட்டுமே குளிக்கப் போகிறோம். மற்றவர் நாய்களோடு இருக்கிறார். தளத்தின் மின்சாரத்தை நம்பி நாயை விட்டுச் செல்வதில்லை. கூரை விசிறி வண்டியின் சொந்த 12 வோல்ட் பேட்டரியில் ஓடுகிறது. முன்கண்ணாடிக்கு வெளிப்புறமாக வெள்ளிநிற மறைப்பு போடுகிறோம், உள்ளே போடுவதைவிட அது வெப்பத்தை நன்றாகத் தடுக்கும்.

முதல் சில இரவுகளில் நாய்கள் சரியாகத் தூங்கமாட்டா. கூரையில் விழும் மழை, தண்ணீர் பம்ப்பின் உறுமல், பக்கத்து வண்டிக்காரரின் செருப்போசை எல்லாமே அவற்றுக்குப் புதியவை. ஆகவே பயணத்துக்கு முன் உங்கள் வீட்டு வாசலிலேயே வண்டியை நிறுத்தி இரண்டு மூன்று இரவுகள் அதில் தூங்குங்கள். வீட்டில் நாய் படுக்கும் பழைய விரிப்பைத் துவைக்காமல் கொண்டுபோய்ப் போடுங்கள். அந்த வாசனை பாதி வேலையைச் செய்துவிடும். முன்பக்கத் திரைகளை இருட்டும் முன்பே மூடிவிட்டால், வெளியே நடமாடுவோரைப் பார்த்துக் குரைப்பது பெருமளவு குறையும். வண்டியின் நான்கு மூலைகளுக்கும் தாங்குகால்களை இறக்கி வையுங்கள். இல்லையென்றால் லேப்ரடார் நடுராத்திரியில் காதைச் சொறியும்போது வண்டி முழுவதும் தொட்டில் போல ஆடும்.

கட்டிலில் நாயைப் படுக்க வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். நாங்கள் அனுமதிப்பதில்லை. கட்டிலின் அகலம் குறைவு என்பது ஒரு காரணம். உண்ணி இன்னொரு காரணம். ஸ்காட்லாந்தின் மேட்டுநிலத்தில் புதர்ச்செடிகளுக்கிடையே நடந்துவிட்டு வந்தால் உண்ணிகள் ஒட்டியிருக்கும். அவற்றால் மனிதருக்கும் நாய்க்கும் லைம் நோய் வரலாம். தினமும் மாலையில் வண்டிக்குள் ஏறுவதற்கு முன் காது மடல், கால்விரல் இடுக்கு, கழுத்துப் பட்டைக்குக் கீழ், அக்குள் என்று விரலால் தடவிப் பார்த்து, உண்ணி எடுக்கும் கொக்கியால் கழற்றிவிடுகிறோம். நனைந்த நாய்க்கு, துவாலைத் துணியில் தைத்த அங்கியை மாட்டி இருபது நிமிடம் விட்டால், ஈரம் முழுவதும் அதில் இறங்கிவிடும். இல்லையென்றால் அந்த ஈரமே விடியற்காலையில் ஜன்னல்களில் நீராக வழியும்.

ஸ்காட்லாந்தின் வடமேற்கில் ஆடுகள் வேலியில்லாத சாலையோரங்களில் படுத்திருக்கும். டர்னஸ் அருகே ஒரு நாள் விடியற்காலையில் கதவைத் திறந்தபோது ஒரு தாயாடும் குட்டியும் படிக்கு இரண்டடி தள்ளி நின்றன. மணிக்கு வார் மாட்டியிருந்ததால் அன்று ஒன்றும் நேரவில்லை. நாய் ஆட்டைத் துரத்துவது பிரிட்டனில் சட்டப்படி குற்றம். மந்தையைக் காக்க வேறு வழியில்லை என்னும் சூழலில் விவசாயி நாயைச் சுட்டாலும் சட்டம் அவருக்கு இடம் கொடுக்கிறது. ஆகவே முதலில் வார், பிறகு கதவு என்பதை மாறாத வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஜூன் மாதத்தில் அங்கே அதிகாலை நான்கரை மணிக்கு முன்பே சூரியன் உதித்துவிடும் என்பதால், திரைகளில் இடுக்கு இருந்தால் நாய்கள் அப்போதே எழுந்துவிடும். ஸ்காட்லாந்தில் எங்கு வேண்டுமானாலும் வண்டியை நிறுத்தித் தூங்கலாம் என்று பலர் சொல்வது தவறு. 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம் தரும் நடமாட்ட உரிமை மோட்டார் வாகனங்களுக்குப் பொருந்தாது.

ஐரோப்பாவுக்குப் போக விரும்பினால் ஆவணங்களை முன்கூட்டியே தயார் செய்ய வேண்டும். பிரிட்டனில் வழங்கிய பழைய செல்லப்பிராணிப் பாஸ்போர்ட் 2021 ஜனவரி முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் செல்லாது. மைக்ரோசிப்பும், அதன்பின் போட்டு 21 நாட்களாவது ஆன ரேபிஸ் தடுப்பூசியும் வேண்டும். நுழைவதற்கு முன் 10 நாட்களுக்குள் கால்நடை மருத்துவரிடம் உடல்நலச் சான்றிதழ் பெற வேண்டும். திரும்பும்போது, பிரிட்டனுக்குள் நுழைவதற்கு 24 மணி முதல் 120 மணி நேரத்துக்குள் அங்குள்ள மருத்துவரிடம் நாடாப்புழு மருந்து கொடுத்துப் பதிவு செய்திருக்க வேண்டும். ஃபோக்ஸ்டோனிலிருந்து கலே வரை சுரங்க ரயிலில் 35 நிமிடம்தான். நாய்கள் தங்கள் இடத்திலேயே உங்களோடு இருக்கலாம் என்பதால் கப்பலைவிட இதையே நான் பரிந்துரைப்பேன். ஸ்பெயின், தெற்கு பிரான்ஸ் பக்கம் போவதானால் மணல் ஈ பரப்பும் லீஷ்மேனியா நோயையும், வசந்த காலத்தில் பைன் மரங்களிலிருந்து வரிசையாக இறங்கும் கம்பளிப்பூச்சிகளையும் பற்றி மருத்துவரிடம் முன்பே பேசிவிடுங்கள்.

வண்டி பார்க்கப் போகும்போது நாய்களையும் கூட்டிச் செல்லுங்கள், அவற்றின் மெத்தையையும் எடுத்துச் செல்லுங்கள். விற்பவரிடம் கேட்டுக்கொண்டு கட்டிலை இரவு நிலையில் விரிக்கச் சொல்லி, எஞ்சிய தரையில் மெத்தையைப் போட்டுப் பாருங்கள். இப்போதைய வண்டியைப் பார்க்கப் போன அன்று நாங்கள் விலை பேசிக்கொண்டிருந்தபோது, மணி சமையலறையை ஒட்டிய நடைவழியில் இரண்டு முறை சுற்றிவிட்டுக் கால்களை நீட்டிப் படுத்துத் தூங்கிவிட்டது. நான்கு கால்களும் எந்தச் சுவரிலும் இடிக்கவில்லை. அந்த வண்டியைத்தான் வாங்கினோம். இன்றும் அது அதே இடத்தில்தான் படுக்கிறது.