டாக்டரைக் கேளுங்கள்: இரண்டாவது ஊசிக்குப் பிறகு காய்ச்சல்

கேள்வி: பிரான்சில் படிக்கும் என் மகனுக்கு 21 வயது. ஃபைசர் கொரோனா தடுப்பூசி இரண்டாவது டோஸ் போட்ட அன்று இரவே 101 டிகிரி காய்ச்சல், அக்குளில் நெல்லிக்காய் அளவு கட்டி. ரத்தம் உறையும் என்கிறார்களே, பயமாக இருக்கிறது.
- வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: கட்டி என்று நீங்கள் சொல்வது நெறி (நிணநீர்க் கணு வீக்கம்). ஊசி போட்ட கைப்பக்கம் மட்டும் வரும். ஓரிரு வாரத்தில் வற்றும். கைவலி, காய்ச்சல், அசதி, தலைவலி எல்லாம் இரண்டாவது டோஸில் சற்றுத் தூக்கலாகவே இருக்கும், ஓரிரு நாளில் தணியும். பாராசிட்டமால் 500 மி.கி. போதும், ஆறு மணி நேர இடைவெளியில். காய்ச்சல் வரட்டும், பிறகு போடலாம். ஊசிக்கு முன்பே விழுங்க வேண்டாம்.

ரத்த உறைவுப் பேச்சு கோவிஷீல்டு போன்ற அடினோவைரஸ் (தீங்கற்றதாக மாற்றிய சளி வைரஸ்) ஊசிகளைப் பற்றியது. ஃபைசர், மாடர்னா எம்.ஆர்.என்.ஏ. (வைரஸ் இல்லாமல் மரபுக் குறிப்பை மட்டும் தரும்) வகை, தயாரிப்பே வேறு.

இந்த வகையில் கவனிக்க வேண்டியது இதயத் தசை அழற்சி. அரிதுதான். ஆனால் உங்கள் மகன் வயதுப் பையன்களுக்குத்தான், இரண்டாவது டோஸுக்குப் பின் முதல் வாரத்தில், அதிகம் வருகிறது. நெஞ்சுவலி (மல்லாந்து படுத்தால் கூடும், முன்குனிந்தால் குறையும்), மூச்சுவாங்கல், படபடப்பு ஏதாவது இருந்தால் 'கேஸ் டிரபிள்' என்று சோடா குடித்துக்கொண்டிருக்கக் கூடாது. பிரான்சில் அவசர மருத்துவ எண் 15-ஐ அழைக்கட்டும், ஈ.சி.ஜி.யும் டிரோபோனின் (இதயத் தசை பாதிப்பைக் காட்டும்) ரத்தப் பரிசோதனையும் உடனே தேவை. பெரும்பாலோர் ஓய்விலேயே தேறுகிறார்கள். உறுதியானால் மூன்று முதல் ஆறு மாதம் ஓட்டம், ஜிம், ஃபுட்பால் கிடையாது.

கடும் ஒவ்வாமை பத்து லட்சம் டோஸுக்கு ஐந்து பேர் அளவில். அநேகமாக அரை மணிக்குள் தெரிந்துவிடும். அதைத் தாண்டிவிட்டார்.