அமெரிக்காவில் சில புறநகர்ப் பள்ளி மாவட்டங்கள் மட்டும் ஏன் முன்னணியில் இருக்கின்றன?

பள்ளி மாவட்டம் என்பது ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் தனி உள்ளாட்சி அமைப்பு. பெரும்பாலும் மக்கள் தேர்ந்தெடுத்த வாரியம்தான் அதை நடத்தும். ஊர் எல்லையும் அதன் எல்லையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. சிகாகோவுக்கு மேற்கே நேப்பர்வில் என்ற ஊரில் ஒரு பகுதி 203ஆம் மாவட்டத்திலும் இன்னொரு பகுதி 204ஆம் மாவட்டத்திலும் இருக்கிறது. இரண்டுமே நல்ல பெயர் எடுத்தவை.

காரணம் பெரும்பாலும் பணம். நேப்பர்வில் இருக்கும் இலினாய் மாநிலத்தில் வீட்டு வரி ரசீதைப் பிரித்துப் பார்த்தால், பள்ளி மாவட்டத்துக்குப் போகும் தொகைதான் வழக்கமாக மிகப் பெரிதாக இருக்கும். அடுக்குமாடிக் குடியிருப்பின் பராமரிப்புக் கட்டணம் மாதிரிதான். பெரிய வீடுகள் நிறைந்த வளாகத்தில் லிஃப்ட், ஜெனரேட்டர் எல்லாம் ஒழுங்காக ஓடும்; பக்கத்து வளாகத்தில் அதே வேலைக்கு வசூல் போதாது. மாநில அரசு உதவி கொஞ்சம் ஈடுகட்டுகிறது, முழுதாக அல்ல. இப்படிப்பட்ட ஏற்றத்தாழ்வு அரசியலமைப்பை மீறவில்லை என்று 1973இல் ரோட்ரிகஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அது குழந்தைகளுக்கு இழைத்த அநீதி என்றே நினைக்கிறேன்.

அப்புறம், பள்ளிக்குப் பெயர் வந்தால் வீட்டு விலை ஏறும். வசதியானவர்கள், படித்தவர்கள் குடிவருவார்கள். மதிப்பெண் இன்னும் ஏறும்.

அதனால், அதிக மதிப்பெண் என்றாலே அங்கே கற்பித்தல் சிறந்தது என்று பலர் நினைப்பது சரியல்ல: பெற்றோரின் வருமானமும் படிப்பும் அந்த எண்ணுக்குள் கலந்திருக்கின்றன, மாணவர்கள் ஓராண்டில் எவ்வளவு முன்னேறினார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.