கூடைப்பந்திலிருந்து குண்டு எறிதலுக்கு

கேள்வி: என் தங்கைக்கு 22 வயது. பைக் விபத்தில் முதுகுத்தண்டில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. மூன்று வருடமாக வீல்சேர் கூடைப்பந்து ஆடினாள். டீமில் இருந்தவர்கள் வேலை, கல்யாணம் என்று பிரிந்துபோய், மிச்சம் இரண்டே பேர். கோச் குண்டு எறிதலுக்கு மாறச் சொல்கிறார். பேச்செடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். எப்படிச் சம்மதிக்க வைப்பது?
- ஓர் அண்ணன், பாபநாசம்

பதில்: தம்பி, சம்மதிக்க வைக்கும் வேலையை முதலில் நிறுத்துங்கள். விபத்துக்குப் பிறகு அவளுக்கென்று அமைந்த கூட்டாளிகள் அந்தப் பெண்கள். அது கலைந்த துக்கம் ஆறுமுன்னே அடுத்த விளையாட்டைப் பேசினால் எப்படிக் காதில் ஏறும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்கள்.

கோச் சொல்வதிலும் நியாயம் உண்டு. கூடைப்பந்தில் குறைபாட்டின் அளவைப் பார்த்து ஆளுக்கு 1 முதல் 4.5 வரை புள்ளி. களத்தில் இருக்கும் ஐவருக்கும் சேர்த்து 14-ஐத் தாண்டக்கூடாது. நம் பக்கத்துச் சின்ன ஊர்களில் அப்படி அணி திரட்டுவது பெரும்பாடு. குண்டு எறிய அவள் ஒருத்தி போதும்.

ஆனால் கூடைப்பந்தில் கொடுத்த புள்ளி தடகளத்தில் செல்லாது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டையிலுள்ள சதவீதமும் உதவாது. கை, வயிறு, இடுப்புத் தசைகள் எவ்வளவு வேலை செய்கின்றன என்று புதிதாகச் சோதித்துத்தான் எந்தப் பிரிவு என்று சொல்வார்கள். அதற்கு என்ன செய்யவேண்டும் என்று கோச்சிடம் இப்போதே கேளுங்கள். அது தெரியாமல் காசைப் போடாதீர்கள்.

எறிவதற்கு, தரையோடு இழுத்துக் கட்டிய இரும்பு நாற்காலி வேண்டும். மெத்தையோடு சேர்த்து 75 செ.மீ. உயரத்துக்கு மேல் போகக்கூடாது. டிராக்டர் டிரெய்லருக்கு வெல்டிங் வைக்கும் பட்டறையிலேயே செய்துவிடலாம். அவளை நேரில் உட்காரவைத்துத்தான் அளவெடுக்கவேண்டும். புது இருக்கை உணர்வில்லாத இடத்தில் புண்ணாக்கிவிடும். தினமும் பயிற்சி முடிந்ததும் அம்மா பார்த்துவிடட்டும். அடிபட்ட இடத்துக்குக் கீழே சரியாக வியர்க்காது என்பதால், சித்திரை வெயிலில் உடம்பு சட்டென்று கொதித்துவிடும். விடியற்காலையே நல்லது.

தீபா மாலிக்கும் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டவர்தான். நீச்சலில் இருந்தவர் எறிதலுக்கு வந்து, 2016 ரியோவில் குண்டு எறிதலில் வெள்ளி வாங்கினார். பாராலிம்பிக் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண் அவர். இதை நீங்கள் அவளுக்குப் பாடமாக நடத்தவேண்டாம். அவளாகக் கேட்கும் நாளில் சொல்லுங்கள்.

ஒருநாள் தஞ்சை அன்னை சத்யா மைதானத்துக்குச் சும்மா கூட்டிப்போங்கள். குண்டைக் கையில் வாங்கிப் பார்க்கட்டும். பிடிக்கவில்லை என்றால் ஈட்டி இருக்கிறது, வட்டு இருக்கிறது. எதை எடுத்தாலும், அந்தக் கூடைப்பந்து வீல்சேரை மட்டும் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். அந்த இரண்டு பேரும் வாரம் ஒருநாள் சேர்ந்து பந்து போடட்டும்.