பதிவேட்டுக்கு நடுவே பாடம்: ஆசிரியர் கேள்வி-பதில்

நெல்லைச் சீமைத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை எழுத்து வேலையைப் பற்றியவை. அவற்றில் ஐந்துக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: மானூர் ஒன்றியத்தில் ஈராசிரியர் பள்ளி. ஒன்று முதல் மூன்று வரை என் பொறுப்பு, 31 பிள்ளைகள். எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் இணையத் தகவல் தளம்), ஆதார், உதவித்தொகை, காலணி அளவு என்று ஒரே விவரத்தை ஐந்து இடத்தில் கேட்கிறார்கள். பாடம் நடத்தவே நேரமில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பதுதான் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை. உங்கள் பள்ளியில் அதற்கு மேல் பிள்ளைகள் இல்லையென்றால், மூன்றாவது ஆள் வருவார் என்று காத்திருக்க வழியில்லை. இருக்கிற இருவரின் நேரம் எங்கே போகிறது என்று பாருங்கள். பதிவு செய்ய ஆகும் நேரம் கொஞ்சம்தான். பீரோவைத் திறந்து தேடவும், பெற்றோருக்குப் போன் போட்டுவிட்டுக் காத்திருக்கவும் ஆகும் நேரம்தான் மலைபோல் நிற்கிறது. தேடும் வேலையை வருடத்துக்கு ஒருமுறை, ஜூனிலேயே முடித்துவிட வேண்டும்.

இருநூறு பக்க லாங் சைஸ் நோட்டு ஒன்று போதும். பிள்ளைக்கு இரண்டு பக்கம், எதிரெதிராக. இடது பக்கத்தில் மாறாத விவரங்கள்: சேர்க்கை எண், எமிஸ் எண், பிறப்புச் சான்றில் உள்ளபடி பெயரும் பிறந்த தேதியும், ஆதாரில் உள்ள ஆங்கில எழுத்து அப்படியே, தாய் தந்தை பெயர் அவரவர் ஆதாரில் உள்ளபடி, சாதிச் சான்று எண், வங்கிக் கணக்கு எண், அது யார் பெயரில் உள்ளது, ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு. வலது பக்கத்தில் மாறுபவை, ஒவ்வொன்றுக்கும் தேதியோடு: இரண்டு போன் நம்பர் (ஒன்று ஆச்சி வீட்டினுடையதாக இருந்தால் நல்லது, அம்மா அப்பா நம்பர்கள் அடிக்கடி மாறும்), உயரம், எடை, காலணி அளவு, விண்ணப்பித்த உதவித்தொகை. உயரம் எடை பார்க்கும் அன்றே பாதத்தையும் தாளில் வரைந்து அளந்துவிடுங்கள். ஒரு நாளைக்கு நான்கு பிள்ளை வீதம் எழுதினால் எட்டு வேலை நாளில் நோட்டு முடிந்துவிடும். ஆதார் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் மட்டும் எழுதுங்கள். வங்கி விவரமும் இருப்பதால் நோட்டு பூட்டிய பீரோவில்தான் இருக்க வேண்டும்.

அடுத்தது பெயர். நம் பக்கத்துத் தலைவலியில் பாதி இதில்தான். இசக்கியம்மாள் என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் ஒரு தாளில் ‘ஐ’ எழுத்தில் தொடங்கும், இன்னொன்றில் ‘ஈ’ எழுத்தில். ‘எஸ்’ ஓரிடத்தில் ஒன்று, ஓரிடத்தில் இரண்டு. அம்மாள் சேர்ந்தும் இருக்கும், பிரிந்தும் இருக்கும். இனிஷியல் முன்னாலும் வரும், பின்னாலும் வரும். நமக்கு இத்தனையும் ஒரே பிள்ளை. கம்ப்யூட்டருக்கு இவை வேறு வேறு ஆட்கள். அபார் எண் (மாணவருக்கான தேசிய அடையாள எண்) எடுக்கும்போதும் உதவித்தொகை விண்ணப்பத்திலும் ‘பொருந்தவில்லை’ என்று வந்து நிற்பது இதனால்தான்.

பிறப்புச் சான்றை அடிப்படையாக வையுங்கள். சான்றும் ஆதாரும் ஒத்திருந்து எமிஸ் மட்டும் மாறியிருந்தால், திருத்துவது நம் பக்கத்து வேலை, அன்றே முடித்துவிடலாம். ஆதார்தான் தவறு என்றால் அவசரப்பட்டுப் பெற்றோரை அனுப்பாதீர்கள். ஆதாரில் ஒருவர் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒரே முறை. ஆதார் மையத்தில் வாய்மொழியாகச் சொல்லித் தட்டச்சு செய்யும்போதுதான் புதுப் பிழை நுழைகிறது. சரியான எழுத்துகளை, இடைவெளி எங்கே, புள்ளி உண்டா என்பது வரை ஒரு துண்டுச்சீட்டில் பெரிதாக எழுதிக் கொடுத்தனுப்புங்கள். ரசீது வாங்கும் முன் திரையையும் சீட்டையும் ஒத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நீல நிறக் குழந்தை ஆதாரோடு ஒன்றாம் வகுப்பில் சேரும் பிள்ளைக்கு, ஐந்து வயது முடிந்ததும் கைரேகையும் கருவிழியும் பதிய வேண்டும். இதையும் ஜூனில் சொல்லிவிட்டால் ஒரே நடையில் இரண்டும் முடியும்.

முக்கூடல், பாப்பாக்குடிப் பக்கத்து ஆசிரியர்கள் பெயர் விஷயத்தில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பீடி சுற்றும் தாய்மாரின் பிள்ளைகளுக்கு மத்தியத் தொழிலாளர் நலத்துறை உதவித்தொகை ஒன்றாம் வகுப்பிலிருந்தே உண்டு. தேசிய உதவித்தொகைத் தளத்தில் விண்ணப்பித்த பிறகு பள்ளியும் ஆன்லைனில் சரிபார்த்து அனுப்பினால்தான் அது மேலே போகும். தாயின் பீடித் தொழிலாளர் அடையாள அட்டையில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர் என்பது சகஜம். கடைசி வாரத்தில் சர்வர் திணறும். சரிபார்ப்பை அதற்கு முன்பே முடியுங்கள். நாம் தள்ளிப்போட்டால் நஷ்டம் அந்தத் தாய்க்கு.

கேள்வி: பாட நேரத்தில் வாட்ஸ்அப்பில் ‘உடனே அனுப்பவும்’ என்று வந்துகொண்டே இருக்கிறது. பார்க்காமல் இருந்தால் விளக்கம் கேட்கிறார்கள். என்ன செய்வது? (களக்காடு வாசகி)

பதில்: தலைமை ஆசிரியரோடு பேசி, காலை இடைவேளை, மதிய உணவு நேரம், பள்ளி விடும் நேரம் என்று மூன்று வேளை மட்டும் போனைப் பார்ப்பதாக முடிவு செய்யுங்கள். பார்ப்பது ஒருவர் பொறுப்பு, வாரத்துக்கு ஒருவர் மாறலாம். மழை விடுமுறை போன்ற அவசரம் என்றால் எப்படியும் போனில் அழைத்துத்தான் சொல்வார்கள்.

கூடவே நாற்பது பக்க நோட்டு ஒன்றில் நான்கு கட்டம்: கேட்ட தேதி, கேட்ட அலுவலகம், என்ன விவரம், அனுப்பிய தேதி. கேட்ட விவரத்தையே மறுபடி கேட்டால், ‘இந்தத் தேதியில் அனுப்பியது, மாற்றமில்லை’ என்று பழையதையே அனுப்பலாம். ஒரு பருவம் இப்படி எழுதினால், எது எத்தனை முறை கேட்கப்பட்டது என்பது கண்ணுக்குத் தெரியும். அதைக் குறுவள மைய (அக்கம்பக்கத்துப் பள்ளிகளின் தொகுப்பு) கூட்டத்தில் எல்லாப் பள்ளியும் சேர்ந்து வட்டாரக் கல்வி அலுவலர் முன் வையுங்கள். ‘சுமை தாங்கவில்லை’ என்றால் பொதுப்பேச்சாகப் போய்விடும். ‘இந்த விவரம் எமிஸில் இருக்கிறது, அங்கிருந்தே எடுத்துக்கொள்ளலாம்’ என்று காட்டினால் பதில் சொல்லியாக வேண்டும். ஆசிரியரின் வேலை வாரத்துக்குக் குறைந்தது 45 மணி, பாடத் தயாரிப்பும் அதில் அடக்கம் என்று கல்வி உரிமைச் சட்ட அட்டவணையிலேயே இருப்பதையும் அங்கே சொல்லுங்கள்.

கேள்வி: நோட்டுத் திருத்தி முடியவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோனால் குடும்பத்தில் சண்டை. (வள்ளியூர் வாசகர்)

பதில்: 30 பிள்ளை, ஆளுக்கு மூன்று நோட்டு, நோட்டுக்கு ஒரு நிமிடம் என்றாலும் ஒன்றரை மணி நேரம். தினமும் இது யாராலும் ஆகாது. ஆகாததைச் செய்யப் போய்த்தான் வெறும் டிக் அடித்துக் கையெழுத்துப் போடுகிறோம். பிள்ளைக்கு அதில் ஒன்றும் இல்லை.

எண்ணும் எழுத்தும் (தொடக்க வகுப்புகளுக்கான அரசுத் திட்டம்) வகுப்பில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி, கீழிருந்து மேலாக, அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்திருப்பீர்கள். அரும்பு நிலைப் பிள்ளைகளை மட்டும் தினமும், அவர்கள் எழுதும்போதே பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ‘ண’வுக்கு ஒரு சுழி குறைந்திருந்தால் அந்த இடத்திலேயே கை பிடித்துத் திருத்த முடியும். மறுநாள் சிவப்பு மையில் வட்டம் போட்டுக் கொடுத்தால் அது எதற்கென்றே தெரியாது. மொட்டு நிலைக்கு வாரம் மூன்று நாள், மலர் நிலைக்கு இரண்டு நாள் போதும். கணக்கு விடையைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, பிள்ளைகளே மாற்றிப் பார்த்துக்கொள்ளட்டும். பிழையை மட்டும் நீங்கள் பாருங்கள்.

வளரறி மதிப்பீட்டை (பருவத்தின் நடுவே அவ்வப்போது வைப்பது) மாதக் கடைசிக்குச் சேர்த்துவைக்காதீர்கள். செயல்பாடு நடந்த அன்றே மதிப்பெண்ணை எழுதிவிட்டால் பதிவேற்றம் வெறும் தட்டச்சு வேலை. ஊரில் கோயில் கொடைத் திருவிழா இருக்கும் வாரத்தில் மதிப்பீடு வைக்க வேண்டாம். பாதி வகுப்பு கோயிலில் நிற்கும், வராதவர்களுக்கு மறுபடி வைப்பது இரட்டை வேலை.

கேள்வி: வாக்காளர் பட்டியல் வேலைக்குப் பள்ளி நேரத்தில் போகச் சொல்கிறார்கள். மறுக்கலாமா? (நாங்குநேரி வாசகி)

பதில்: வேலையை மறுக்க முடியாது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவற்றுக்கு ஆசிரியரை அனுப்பலாம் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவே விலக்கு தருகிறது. நேரத்தைப் பற்றிக் கேட்க உங்களுக்கு நியாயம் உண்டு. வாக்காளர் பட்டியல் திருத்தப் பணியை ஆசிரியர்களுக்கு விடுமுறை நாளிலும் பாட நேரம் அல்லாத வேளையிலும் தர வேண்டும், பொதுவாகப் பாட நேரத்தில் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2007 டிசம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது. அதைக் குறிப்பிட்டு, உங்கள் பள்ளியின் ஆசிரியர் எண்ணிக்கையையும் எழுதி, தலைமை ஆசிரியர் வழியாக மனு கொடுங்கள். அனுப்பினால் வகுப்பை யார் பார்ப்பது என்ற ஏற்பாட்டையும் எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் பதிவேடுகள் நனைந்து ஒட்டிக்கொண்டு பெரும்பாடு பட்டோம். இனி வந்தால் என்ன செய்ய வேண்டும்? (தாமிரபரணிக் கரையிலிருந்து ஒரு தலைமை ஆசிரியர்)

பதில்: ஐப்பசி பிறக்கும் முன்பே சேர்க்கைப் பதிவேடு, மாற்றுச் சான்றிதழ் அடிக்கட்டை, பணிப்பதிவேடு மூன்றையும் பீரோவின் மேல்தட்டுக்கு ஏற்றி, தடித்த பாலிதீன் உறையில் கட்டிவையுங்கள். சேர்க்கைப் பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் போனில் ஸ்கேன் எடுத்து, பள்ளி மின்னஞ்சலிலும் ஒரு பென் டிரைவிலும் வையுங்கள்.

நனைந்துவிட்டால் முதல் இரண்டு நாள்தான் முக்கியம், அதன்பின் பூஞ்சை பிடிக்கும். ஒட்டிய பக்கங்களை இழுத்துப் பிரிக்காதீர்கள், எழுத்து எதிர்ப்பக்கத்தோடு போய்விடும். பதிவேட்டை அமுக்கிப் பிழியவும் கூடாது. அட்டை விரியும்படி நிமிர்த்தி நிறுத்தி, மின்விசிறிக் காற்றில் வையுங்கள். பத்து, பதினைந்து பக்கத்துக்கு ஒரு வெள்ளைத்தாள் செருகி, அது ஈரம் குடித்ததும் மாற்றிக்கொண்டே இருங்கள். அச்சிட்ட செய்தித்தாள் மை ஒட்டும், அதைத் தவிர்க்கவும். வெயிலில் போட்டால் தாள் சுருண்டு மொறுமொறுவென்று உடையும். பக்கங்கள் தானாகப் பிரியத் தொடங்கியதும் உடனே போனில் படம் எடுங்கள். என்னென்ன சேதம் என்று பட்டியலிட்டுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, வட்டாரக் கல்வி அலுவலருக்கு நகல் அனுப்பிவிடுங்கள். புதிதாகப் படி எடுக்கும்போது பால்பாயிண்ட் பேனாவில் எழுதுங்கள். மை ஊற்றி எழுதும் பேனாவின் மை தண்ணீர் பட்டால் கலைந்துவிடும், சில ஜெல் பேனா மையும் அப்படித்தான்.