வாசகர் கேள்வி–பதில்: காரில் 41, செய்தியில் 35

கேள்வி: ஜாலான் ஈப்போ நெரிசலில் கார்த் திரை 41 டிகிரி காட்டியது. கைப்பேசிச் செயலியில் 38. வானிலைத் துறையோ 35தான் என்கிறது. எதை நம்புவது? (செந்தூல் வாசகர்)

பதில்: வானிலைத் துறையை நம்புங்கள். அவர்கள் அளப்பது காற்றின் சூட்டை: புல்தரைக்கு மேல் ஒன்றேகால் முதல் இரண்டு மீட்டர் உயரத்தில், வெயில் நேரடியாகப் படாமல் காற்று மட்டும் புகும் வெள்ளைக் கூட்டுக்குள். காரின் உணரி பெரும்பாலும் முன் பம்பர் பக்கம் இருக்கும். வண்டி நின்றால் தார்ச்சாலைச் சூடும் இன்ஜின் சூடும் அதில் ஏறும். நெடுஞ்சாலையில் சற்று நேரம் ஓட்டிப் பாருங்கள், எண் இறங்கிவிடும். செயலியின் 38, ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட ‘உணரும் வெப்பம்’ஆக இருக்கலாம்.

கேள்வி: “இதே தேதியில் இதுவரை காணாத வெப்பம்” என்று அடிக்கடி செய்தி வருகிறதே, அவ்வளவு அபாயமா? (பட்டர்வொர்த் வாசகர்)

பதில்: முதலில், அந்த நிலையத்தில் எத்தனை ஆண்டுப் பதிவு இருக்கிறது என்று பாருங்கள். பருவநிலை மாறவே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், 10 ஆண்டுப் பதிவுள்ள நிலையத்தில் ஆண்டுக்குச் சுமார் 36 நாள் ‘தேதி சாதனை’ சும்மாவே விழும். 50 ஆண்டுப் பதிவு என்றால் ஏழு நாள். ஆகவே ஒரு நாள் சாதனையை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பல ஆண்டுகளாகச் சூட்டுச் சாதனைகள் குளிர்ச் சாதனைகளை மிஞ்சிக்கொண்டே போனால், அதுதான் கவனிக்க வேண்டிய சேதி.

அடுத்து, எவ்வளவு வித்தியாசத்தில் முறிந்தது? நம் ஊரில் பகல் உச்சம் நாளுக்கு நாள் அதிகம் மாறுவதில்லை. 0.1, 0.2 டிகிரியில் சாதனை முறிவது சகஜம். நல்ல உணரியிலேயே அந்த அளவுக்குப் பிழை இருக்கும்! விமான நிலைய அறிக்கைகள் முழு எண்ணாகவே வருவதால், 34.6ம் அங்கே 35தான்.

பிறகு அக்கம்பக்கம் பாருங்கள். பாயான் லெப்பாஸில் திடீரென மூன்று டிகிரி ஏறி, பட்டர்வொர்த்தில் அசைவே இல்லை, வானமும் மப்பு என்றால் கருவியைத்தான் சந்தேகிக்க வேண்டும். பக்கத்தில் புதிதாகச் சிமெண்டுத் தளம் போட்டிருந்தாலும், நிலையமே இடம் மாறியிருந்தாலும் பழைய எண்ணோடு நேராக ஒப்பிடக் கூடாது. மலேசியாவின் உச்சமான 40.1 டிகிரி, 1998 ஏப்ரல் 9 அன்று பெர்லிஸ், சூப்பிங்கில் பதிவானது. பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ கடுமையாக இருந்த காலம் அது.

உடல்நலத்துக்குத் தேதி சாதனை உதவாது. தொடர்ந்து மூன்று நாள் 35ஐத் தொட்டால் வானிலைத் துறை முதல் நிலை எச்சரிக்கை விடும். அதைக் கவனியுங்கள்.

கேள்வி: பழைய பதிவுகளைத் திருத்துவார்களா? (பிரிக்பீல்ட்ஸ் வாசகர்)

பதில்: திருத்துவார்கள். லிபியாவின் எல் அசீசியாவில் 1922இல் பதிவான 58 டிகிரி, 90 ஆண்டு உலகச் சாதனையாக இருந்தது. பழக்கமில்லாதவர் வெப்பமானியைத் தவறாகப் படித்திருக்கலாம் என்று 2012இல் உலக வானிலை அமைப்பு அதை நீக்கியது. இப்போது முதலிடம் அமெரிக்காவின் டெத் வேலிக்கு, 1913இல் பதிவான 56.7. அதையும் சில நிபுணர்கள் சந்தேகிக்கிறார்கள்.