‘ஆஸ் இஸ்’ என்று எழுதி வாங்கிய பழைய படகு: காசு திரும்பக் கிடைக்குமா?

கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்து ஸ்காபரோவில் இருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். கடிதம் நீளம், சுருக்கித் தருகிறேன்.

“மே மாதம் பீற்றர்பரோ பக்கம் ஒருவரிடம் 17 அடி பைபர்கிளாஸ் படகு ஒன்றை ட்ரெயிலரோடு சேர்த்து 7,800 டொலருக்கு வாங்கினேன். ‘2004 மொடல், எங்கும் உக்கல் இல்லை’ என்று விளம்பரத்தில் போட்டிருந்தார். வீட்டு வாசலிலேயே எஞ்சினை ஸ்டார்ட் செய்து காட்டினார், நன்றாக ஓடியது. விற்பனைச் சீட்டில் ‘ஆஸ் இஸ்’, அதாவது ‘இருக்கிற நிலையிலேயே விற்கிறேன்’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். ஜூனில் லேக் சிம்கோவில் இறக்கி, மனைவி, இரண்டு பிள்ளைகள், மாமா எல்லாரும் ஏறினோம். அரை மணித்தியாலத்தில் பின்பக்கத்தால் தண்ணீர் வரத் தொடங்கிவிட்டது. மாமா 1990இல் இடம்பெயரும்வரை மயிலிட்டியில் கடற்றொழில் செய்தவர். கரைக்கு வந்ததும் பின்பலகையை விரலை மடக்கித் தட்டிப் பார்த்துவிட்டு, ‘தம்பி, இது உக்கிப்போச்சு’ என்றார். மெக்கானிக்கும் அதையே சொல்லி, திருத்த 9,000 டொலர் கேட்கிறார். விற்றவர் போன் எடுப்பதில்லை. படகின் லைசன்ஸும் அவர் பெயரில் இல்லை, வேறு யாரோ பெயரில் இருக்கிறது. நான் ஏமாந்தது ஏமாந்ததுதானா? 14 வயது மகன் இந்தப் படகை ஓட்டலாமா?”

சட்டத்துக்கு முதல் ஒரு விஷயம். அந்தப் படகைத் திருத்தும்வரை திரும்பத் தண்ணீரில் இறக்காதீர்கள், கரையோரம் மட்டும் என்றுகூட வேண்டாம். உங்களுடையது எஞ்சின் உள்ளே இருந்து, புரொப்பெல்லர் பகுதி பின்பலகையில் தொங்குகிற வகை. அந்தப் பலகையின் உள்ளே இருப்பது ஒட்டுப்பலகை. வெளியே பைபர்கிளாஸ் பளபளவென்று இருக்கும், ஆணித் துவாரங்களால் வருடக்கணக்காக ஊறிய தண்ணீர் உள்ளே மரத்தைச் சோறாக்கியிருக்கும். தட்டினால் ‘டக்’ என்று கேட்க வேண்டிய இடத்தில் ‘பொத்’ என்று கேட்பது அதனால்தான். பிள்ளைகளோடு நடு ஏரியில் அது விட்டுக்கொடுத்தால் எந்தக் கோர்ட்டும் உதவிக்கு வராது.

சரி, காசு விஷயம். உங்களுக்குப் பாதகமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒருவர் தன் சொந்தப் படகை உங்களுக்கு விற்றால் ஒன்ராறியோவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதற்குள் வராது. பொருள் விற்பனைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, பொருள் தரமாக, தேவைக்கு உகந்ததாக இருக்க வேண்டும் என்று சொல்கிறதுதான், ஆனால் அது வியாபாரமாக விற்பவருக்கு. தனியார் விற்பனையில் வாங்குபவர்தான் வடிவாகப் பார்த்து வாங்க வேண்டும். ஆகவே ‘இருபது வருடத்துக்கு மேற்பட்ட படகு உக்கியிருக்கிறது’ என்பதை மட்டும் வைத்து நீங்கள் வழக்குப் போட்டால் தோற்பீர்கள் என்றே நினைக்கிறேன்.

ஆனால் உங்களிடம் அது மட்டும் இல்லை. நீங்கள் அனுப்பிய படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். பின்பக்கத்தில், வலது மேல் மூலையில், 12 எழுத்தும் எண்ணுமாக ஒரு வரி அச்சாகியிருக்கிறது பாருங்கள், அதுதான் படகின் அடையாள எண். 1981 ஓகஸ்ட் 1க்குப் பிறகு கனடாவில் விற்பனைக்கென்று செய்த படகு எல்லாவற்றிலும் அது இருக்க வேண்டும். உங்கள் படகில் கடைசி நான்கும் ‘சி898’. சி என்றால் மார்ச், 8 என்பது 1998ஆம் வருடத்தின் கடைசி இலக்கம், பின்னால் வரும் 98 மொடல் வருடம். அதாவது அவர் உங்களுக்கு 2004 என்று சொல்லி விற்றது 1998ஆம் ஆண்டுப் படகு.

இது சின்ன விஷயம் இல்லை. பொருள் விற்பனைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, ஒரு பொருளை விவரித்து விற்றால் பொருள் அந்த விவரிப்போடு பொருந்த வேண்டும் என்கிறது, விற்றவர் வியாபாரியா தனியாளா என்று அது பார்ப்பதில்லை. ‘ஆஸ் இஸ்’ என்று எழுதியது படகின் நிலைமையைப் பற்றியது, அது எந்த வருடத்துப் படகு என்பதைப் பற்றியது அல்ல என்று நான் வாதாடுவேன். எதிர்த்தரப்பு வேறு மாதிரிச் சொல்லும், ஏனென்றால் 53ஆம் பிரிவின்படி இப்படியான நிபந்தனைகளை உடன்பாட்டால் நீக்கவும் முடியும். அந்த இரண்டு சொல்லுக்கு அவ்வளவு பலம் இருக்கிறதா என்பதை நீதிபதி தீர்மானிப்பார், ஆனால் நின்று வாதாடத் தகுந்த வழக்கு இது.

‘எங்கும் உக்கல் இல்லை’ என்ற வாசகம் இன்னொரு வழி. அவர் தெரிந்தே பொய் சொன்னார், அல்லது உண்மையா பொய்யா என்று கவலைப்படாமல் சொன்னார் என்று காட்டினால் அது மோசடி, மோசடியை ‘ஆஸ் இஸ்’ மூடாது. ‘நீ ஏன் பார்த்து வாங்கவில்லை’ என்று அவர் கேட்பதும் அங்கே எடுபடாது. கஷ்டம் எங்கே என்றால், அவருக்குத் தெரியும் என்பதை நிரூபிப்பதில். உங்கள் படங்களில் பின்பலகையின் பழைய துவாரங்களில் வெள்ளையாகப் புதுச் சிலிக்கோன் தெரிகிறது, கீழே கார்ப்பெட்டும் புதிது. யார் போட்டது, எப்போது போட்டது? அதனால்தான் சொல்கிறேன், மெக்கானிக்கை இப்போதைக்குக் கைவைக்க விடாதீர்கள். முதலில் படகுகளைப் பரிசோதித்து அறிக்கை தருகிற ஒரு படகு சர்வேயரைக் கூப்பிட்டு, ஈரம் அளந்து, படம் எடுத்து, எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். பலகையைப் பிரித்த பிறகு சாட்சியமும் குப்பைக்குப் போய்விடும்.

லைசன்ஸ் வேறு ஆளின் பெயரில் இருப்பதை நீங்கள் இன்னொரு தலையிடியாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது ஒரு துப்பாகத் தெரிகிறது. அந்த முந்தைய சொந்தக்காரரைத் தேடிப் பிடித்துக் கதையுங்கள். ‘உக்கியிருக்கிறது என்று சொல்லித்தான் மலிவாக அவருக்குக் கொடுத்தேன்’ என்று அவர் ஒரு வரி சொன்னால், உங்கள் வழக்கின் பாதி வேலை முடிந்தது. இன்னொன்று, லைசன்ஸைத் தன் பெயருக்கு மாற்றாமலே கைமாற்றி விற்பவர் பல நேரம் வாங்கி விற்பதையே தொழிலாக வைத்திருப்பார். அவர் இந்தக் கோடையில் வேறு படகுகளும் விற்றிருக்கிறாரா என்று பாருங்கள். அப்படியென்றால் அவரைத் தனியாள் என்று சொல்ல முடியாது, மேலே சொன்ன 15ஆம் பிரிவும் நுகர்வோர் சட்டமும் உங்கள் பக்கம் வந்துவிடும்.

எவ்வளவு கிடைக்கும்? படகை ஓட்டி, சில வாரம் வைத்திருந்துவிட்டதால், திருப்பிக் கொடுத்து முழுக் காசையும் கேட்பது கடினம், மோசடி நிரூபணமானால் ஒழிய. பொதுவாகக் கிடைப்பது, சொன்ன மாதிரிப் படகு ஒன்றின் பெறுமதிக்கும் இந்தப் படகின் உண்மையான பெறுமதிக்கும் உள்ள வித்தியாசம். எஞ்சினுக்கும் ட்ரெயிலருக்கும் ஒரு விலை இருக்கிறதே, அதைக் கழித்துத்தான் கணக்குப் பார்ப்பார்கள். இந்தத் தொகைக்கு, சிறு தொகை வழக்குகளை விசாரிக்கிற ஸ்மோல் கிளெய்ம்ஸ் கோர்ட் போதும். 2025 ஒக்ரோபர் 1இல் இருந்து அங்கே 50,000 டொலர் வரை கேட்கலாம், வக்கீலாக இல்லாவிட்டாலும் இப்படியான வழக்கில் ஆஜராக லைசன்ஸ் உள்ள பராலீகல் ஒருவரே உங்களுக்காக வரலாம். பழுது தெரியவந்த நாளில் இருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், ஆனால் அவ்வளவு காத்திருக்காதீர்கள். முதலில் பதிவுத் தபாலில் ஒரு கடிதம்: வருடம் பொய், உக்கல் பற்றிச் சொன்னது பொய், இவ்வளவு தொகை, இத்தனை நாளுக்குள். போனில் கோபமாகக் கதைக்க வேண்டாம், குறுஞ்செய்தியிலும் வேண்டாம்.

படகை வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் காகித வேலைகளும் இருக்கின்றன. 10 குதிரைவலுவும் அதற்கு மேலும் உள்ள எஞ்சின் என்றால் படகு லைசன்ஸ் கட்டாயம், அதைத் தாமதிக்காமல் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். அந்த லைசன்ஸ் எண்ணும் அணியத்தின், அதாவது படகின் முன்பகுதியின், இரண்டு பக்கமும் 7.5 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்க வேண்டும். ட்ரெயிலரின் பத்திரத்தை, ட்ரெயிலரை வாங்கிய ஆறு நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றியிருக்க வேண்டும். படகு, எரிபொருள், ட்ரெயிலர் எல்லாம் சேர்த்து 1,360 கிலோவைத் தாண்டினால் ட்ரெயிலரில் பிரேக் இருந்தே ஆகவேண்டும். உங்கள் அளவுப் படகு பெரும்பாலும் தாண்டும், ஒரு தடவை நிறுத்துப் பாருங்கள். இந்த வகைப் பெற்றோல் எஞ்சினை ஸ்டார்ட் செய்ய முதல் நான்கு நிமிடம் புளோவரை, அதாவது எஞ்சின் அறைக் காற்றை வெளியேற்றும் விசிறியை, ஓடவிடுவதும் சட்டம்தான், மறந்தால் அடியில் தங்கிய பெற்றோல் ஆவி வெடிக்கும்.

மகன் ஓட்டலாமா? தனியே ஓட்டுவதென்றால் 12 முதல் 15 வயது வரை 40 குதிரைவலுதான் எல்லை. உங்களுடையது 135. ஆகவே 16 வயதோ அதற்கு மேலோ உள்ள ஒருவர் பக்கத்திலேயே இருந்து மேற்பார்வை செய்தால் மட்டும் ஓட்டலாம், அதுவும் அவன் பெயரில் படகு ஓட்டுநர் அட்டை இருந்தால். மாமா ஓட்டுவதென்றால் அவருக்கும் அதே அட்டை வேண்டும், கடலில் எத்தனை வருடம் இருந்தாலும் விலக்கு இல்லை. ஏரியில் மீன்பிடிக்கப் போவதென்றால், அவர் இங்கு வசிப்பவர், வயது 65 அல்லது அதற்கு மேல் என்றால் மீன்பிடி லைசன்ஸ் வாங்கத் தேவையில்லை, பிறந்த திகதி உள்ள அடையாள அட்டை கையில் இருந்தால் போதும். நீங்கள் வாங்க வேண்டும்.

கடைசியாக, அந்த விளம்பரம் இன்னும் இணையத்தில் இருந்தால் இன்றிரவே திகதி தெரிய முழுவதையும் படம் எடுத்து, மனைவியின் போனுக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள். கடிதம் அவருக்குப் போய்ச் சேர்ந்த அன்றைக்கே அது காணாமல் போய்விடும்.