அந்த ரிப்ளேஸை எடுங்கள்

ஐயா,

சிங்கப்பூரில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவுக்கு மென்பொருள் எழுதுகிறேன். பெப்போல் என்ற மின்-பில் வலையமைப்பு வழியாக வரும் பில்களை எஸ்க்யூஎல் சர்வர் டேட்டாபேஸில், டேக் போட்டு எழுதும் எக்ஸ்எம்எல் வடிவிலேயே வைத்திருக்கிறோம். அதைப் படிக்கும் நோட்ஸ் (nodes), வேல்யூ (value) மெத்தட்களைப் போட்டு க்வெரி எழுதினால் ஒரு வரிகூட வரவில்லை, எரரும் இல்லை. சீனியர் சொன்னபடி, டேக் பெயர்கள் எந்தத் தொகுப்பைச் சேர்ந்தவை என்று சொல்லும் நேம்ஸ்பேஸ் முகவரிகள், டேக் பெயருக்கு முன்னால் வரும் சிஏசி, சிபிசி முன்னொட்டுகள் எல்லாவற்றையும், எழுத்தைத் தேடி மாற்றும் ரிப்ளேஸ் போட்டு நீக்கினேன், வந்துவிட்டது. ஆனால் ரொம்ப மெதுவாக ஓடுகிறது. எக்ஸ்எம்எல்லைப் படிக்கும் இன்னொரு வழியான ஓபன்எக்ஸ்எம்எல்லுக்கு மாறலாமா? இல்லை, எக்ஸ்எம்எல்லை விட்டு ஜேசன் வடிவத்துக்கே போய்விடலாமா?

ம., சிங்கப்பூர்

அன்புள்ள தம்பி,

ஜேசன் பேச்சை விடுங்கள், அனுப்புகிறவர் எக்ஸ்எம்எல்லில்தானே அனுப்புகிறார். ஓபன்எக்ஸ்எம்எல், எஸ்க்யூஎல் சர்வர் 2000 பதிப்பின் வழி. 2005-லேயே எக்ஸ்எம்எல் டைப் வந்தாயிற்று. அதனால் ஓபன்எக்ஸ்எம்எல்லும் வேண்டாம்.

எனக்குப் பொறுக்காதது அந்த ரிப்ளேஸ்தான். முன்பு நான் வேலை பார்த்த இடத்திலும் ஒருவர் இதையே செய்திருந்தார். ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் பில்லில் பொருள் விவரம் ஆங்கிலப் பெரிய எழுத்தில் ‘சிபிசி:’ என்று தொடங்கும், ரத்த அணுக்களை எண்ணும் சோதனை. டேட்டாபேஸ் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பார்க்காத கொலேஷனில் (எழுத்துகளை ஒப்பிடும் விதி) இருந்ததால் ரிப்ளேஸ் அதையும் தின்றுவிட்டது. எந்தச் சோதனைக்குப் பணம் கொடுத்தோம் என்று கணக்கர் பாவம் தாள்தாளாகத் தேடிக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

எரர் ஏன் வரவில்லை? நீங்கள் கேட்டது நேம்ஸ்பேஸ் இல்லாத ‘இன்வாய்ஸ்’. பில்லில் இருப்பது யூபிஎல் என்ற பில் தரத்தின் நேம்ஸ்பேஸைச் சேர்ந்த ‘இன்வாய்ஸ்’. டேட்டாபேஸுக்கு இரண்டும் வேறு வேறு பெயர். கேட்டது இல்லை, அதனால் இல்லை என்றது. பில்லின் முதல் டேகைத் திறந்து படித்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். படிக்காமல் வெட்டுவது என்ன பழக்கம்? சிபிசி என்ற முன்னொட்டே அனுப்புகிறவர் இஷ்டம். நாளைக்கு ஒருவர் என்எஸ்2 என்று அனுப்பினால் உங்கள் ரிப்ளேஸுக்கு எதுவும் சிக்காது, மறுபடி காலி.

க்வெரிக்கு மேலே வித் எக்ஸ்எம்எல்நேம்ஸ்பேசஸ் என்ற வரியைப் போட்டு மூன்று நேம்ஸ்பேஸ் முகவரிகளையும் எழுதுங்கள். இன்வாய்ஸுக்கு உரியது முன்னொட்டு இல்லாத டிஃபால்ட், மற்ற இரண்டுக்கும் சிஏசி, சிபிசி. முந்தைய கட்டளை அரைப்புள்ளியில் முடிந்திருக்க வேண்டும், அதை மறந்துவிடாதீர்கள். அனுப்புகிறவர் முன்னொட்டை மாற்றினாலும் முகவரி மாறாது, க்வெரி ஓடும்.

வேகம் கேட்டீர்கள், இல்லையா? ஒவ்வொரு பில்லையும் எழுத்தாக மாற்றி, வெட்டி, மறுபடி எக்ஸ்எம்எல்லாக்குகிறீர்கள். தேடலை வேகப்படுத்தும் எக்ஸ்எம்எல் இன்டெக்ஸ் போட்டிருந்தாலும் அதற்கு உதவாது. முதலில் ரிப்ளேஸை எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். அப்புறமும் மெதுவாக இருந்தால் க்வெரியை அனுப்புங்கள், உட்கார்ந்து பார்க்கிறேன்.